தோள்சீலை, ஜம்பர், பாடி: தென் திருவிதாங்கூரில் வெட்கம் இடம் மாறிய கதை

பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அவளுடைய மரப்பெட்டியைத் திறந்தோம். நாலைந்து முண்டு, இரண்டு நேரியல், கற்பூர வாசனை. அடியில் வெள்ளை மல் துணியில் கையால் தைத்த ஒரு பாடி, ரவிக்கைக்கு உள்ளே போடுவது. முன்பக்கம் நான்கு பொத்தான். அக்குள் பக்கம் கிழிந்த இடத்தில், வேறொரு வெள்ளையில் ஒட்டுப் போட்டு நுணுக்கமாகத் தைத்திருந்தாள். அம்மா அதைக் கண்டதும் சட்டென்று எடுத்து ஒரு முண்டுக்குள் சுருட்டினாள். அறையில் இருந்த ஐந்து பேரும் பெண்கள்தான்.

எங்கள் ஊர் கல்குளம் தாலுகா. பாட்டியின் அம்மா, அதாவது எங்கள் பூட்டி, ஜம்பரே போடாமல் வாழ்ந்து முடித்தவள். ரவிக்கைக்கு எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்லும் பெயர் ஜம்பர். இடுப்பில் ஒரு முண்டு, மேலே சுற்றிய ஒரு துணி, அவ்வளவோடு சந்தைக்குப் போய் வந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பாட்டிக்கு ஜம்பர் இல்லாமல் முற்றத்துக்கு வரக் கூச்சம். அம்மாவுக்கு ஜம்பருக்குள் இருக்கும் பாடியின் வார் தெரிந்தால் கூச்சம். எனக்கு வார் தெரிந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் மாடிக் கொடியில் அது காய்வதை எதிர்வீட்டு ஆண்கள் பார்த்தால் என்னவோ போல் இருக்கிறது. நாலு தலைமுறையில் வெட்கம் ஒவ்வோர் அடுக்காக உள்ளே போயிருக்கிறது. உள்ளாடையின் வரலாறு என்று நான் நினைப்பது இதைத்தான். எந்தத் துணி வெளியே காட்டுவதற்கு, எந்தத் துணி மறைப்பதற்கு என்ற கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கோட்டை யார் போட்டார்கள் என்பதற்கு எங்கள் மண்ணில் எழுத்துச் சாட்சி உண்டு. அதில் ரத்தமும் உண்டு.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் மலையாள ஆட்சியின் தென்கோடி. பேச்சு தமிழ், அரசாணை திருவனந்தபுரத்திலிருந்து. அந்தத் திருவிதாங்கூரில் மேலுடம்பைத் திறந்து காட்டுவது வெட்கம் சம்பந்தப்பட்ட காரியமாக இருக்கவில்லை. அது மரியாதை. நமக்கு மேலே உள்ளவர் முன்னால் துணியை இறக்க வேண்டும். நாயர் பெண் நம்பூதிரி முன்னும் அரச குடும்பத்தார் முன்னும் சாமி முன்னும் மேல்முண்டை இறக்கினாள். நம்பூதிரிப் பெண் வெளியே வரும்போது உடலைப் போர்த்திக்கொண்டு, பனையோலை மறக்குடையால் முகத்தையும் மறைத்துக்கொண்டாள், ஆனால் வீட்டுக்குள் அவளுக்கும் ரவிக்கை கிடையாது. கீழே போகப் போக, துணியை இறக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை கூடியது. நாடார், ஈழவர், புலையர் பெண்களுக்கு எந்தத் திசையில் பார்த்தாலும் மேலே ஒருவர் இருந்தார். அதனால் அவர்களுடைய தோள் எப்போதும் வெறுமையாகவே இருக்க வேண்டும் என்று ஆனது.

இது துணியோடு நிற்கவில்லை. அன்றைய ஆவணங்கள் சாணார் என்று எழுதும் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது. பெண் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். குடம் இடுப்பில் இருந்தால் உடம்பு ஒரு பக்கமாக ஒயிலாக வளையும். அந்த வளைவுகூட உயர்சாதிப் பெண்ணுக்கு மட்டும் உரியது. எனக்கு இந்தப் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் குடம்தான் உறுத்துகிறது.

இன்றும் சுசீந்திரம் கோயிலுக்குள் போகிற ஆண்கள் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரியவர் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கும் பழக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆணுக்கு அந்த மரியாதை கோயில் வாசலோடு முடிகிறது. அன்றைய கீழ்ச்சாதிப் பெண்ணுக்கு ஊரே கோயில் வாசலாக இருந்தது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்தவ ஊழியர்கள் 1800களின் தொடக்கத்தில் மயிலாடிக்கு வந்தார்கள், பிறகு நாகர்கோவிலில் வேரூன்றினார்கள். கிறிஸ்தவத்தில் சேர்ந்த நாடார் பெண்கள் மேலாடை போட ஆசைப்பட்டார்கள். திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடெண்டாகவும் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ அதற்கு அனுமதி கொடுத்தார். எதிர்ப்பு வந்ததும் 1814-இல் அந்த அனுமதி சுருங்கியது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் போடும் குப்பாயம் என்ற சட்டையை இவர்களும் போடலாம், ஆனால் நாயர் பெண்கள் தோளில் போடும் சீலை கூடாது. மிஷனரி சார்ல்ஸ் மீடின் மனைவி இவர்களுக்காகத் தொளதொளவென்று, குட்டைக் கை வைத்த ஒரு சட்டையை வடிவமைத்துத் தந்தார்.

இந்த இடத்தைப் பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மார்பை மூடத்தான் போராட்டம் என்றால் 1814-இலேயே அது முடிந்திருக்க வேண்டும். குப்பாயம் மார்பை நன்றாகவே மூடும். ஆனால் பெண்கள் குப்பாயத்தைப் போட்டு, அதன் மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். உடம்பை மூடியதற்கு மேல் ஒரு துணி. தேவைக்கு இல்லாத துணி. அந்தத் துணிக்காகத்தான் அடி விழுந்தது. 1822-இல் கல்குளம், இரணியல் பக்கம் சந்தைகளிலும் வழிகளிலும் பெண்களின் தோள்சீலை பிடித்து இழுக்கப்பட்டது, கிழிக்கப்பட்டது. 1823-இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் அடங்கவில்லை. 1820களின் கடைசியில் மறுபடி கலவரம், ஜெபக்கூடங்களுக்குத் தீ. 1829 பிப்ரவரி 3 அன்று வந்த அரச விளம்பரம், அதாவது பொது அறிவிப்பு, பழைய இடத்துக்கே திரும்பியது: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது.

மூன்றாவது முறை வெடித்தது 1858 கடைசியில். காரணங்கள் முன்பே சேர்ந்திருந்தன. 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. உழைப்பாளிகள் கையை விட்டுப் போன கோபம் நிலக்காரர்களுக்கு இருந்தது. 1858 நவம்பரில் விக்டோரியா ராணியின் அறிக்கை வந்தது. மக்களின் மத விஷயங்களில் தலையிட மாட்டோம் என்று அதில் இருந்தது. அதைப் படித்தவர்கள், இனி மிஷன் பக்கம் நின்று கேட்க வெள்ளைக்காரன் வரமாட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சில வாரங்களில் தென் தாலுகாக்கள் பற்றி எரிந்தன. சென்னை கவர்னர் சார்ல்ஸ் டிரெவெலியன் கடுமையாக எழுதி நெருக்கியதும், மகாராஜா உத்திரம் திருநாளும் திவான் மாதவ ராவும் 1859 ஜூலை 26 அன்று ஒரு விளம்பரம் கொடுத்தார்கள்.

அதையும் நிறுத்தி வாசிக்க வேண்டும். நாடார் பெண்கள் எந்த மதமானாலும் சட்டை போடலாம். மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியை மார்பைச் சுற்றிக் கட்டலாம். வேறு எப்படியும் மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. மானத்தைக் காத்துக்கொள், ஆனால் எங்களைப் போலத் தெரியாதே என்று ஓர் அரசு எழுத்தில் சொன்னது. அந்த மிச்சத் தடையும் அடுத்த சில ஆண்டுகளில் வலுவிழந்தது. பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பெயரோடு படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த வரலாறு, மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் கொஞ்சகாலம் இருந்தது. 2016 டிசம்பரில் அந்தப் பகுதியைத் தேர்வுக்கு வேண்டாம் என்றார்கள், 2019-இல் ஆடை பற்றிய அத்தியாயமே போனது. எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழாவில் தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் ஒரே மேடையில் இருந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதல்.

முலைக்கரம் பற்றியும் சொல்ல வேண்டும். மார்பை மூடினால் வரி என்று இன்று பரவலாகப் பகிரப்படுகிறது. திருவிதாங்கூரில் கீழ்ச்சாதி ஆணுக்குத் தலைக்கரம், பெண்ணுக்கு முலைக்கரம் என்று ஆளுக்கு இவ்வளவு என வாங்கினார்கள். அது தலைவரி. பெயரில் உறுப்பு இருப்பதால் துணிக்கான வரி என்று ஆகிவிடாது. ஒரு பெண்ணை வரிக்கணக்கில் அந்த உறுப்பின் பெயரால் குறித்தார்கள் என்பதே போதுமான கொடுமை. அதற்கு மேல் கதை சேர்த்தால், உண்மையாக நடந்த சந்தை அடிதடிகள் மறைந்துபோகும்.

இந்தப் போராட்டத்துக்குப் பின்னால் வேறொரு தையலும் நடந்துகொண்டிருந்தது. நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை போன்ற திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளைக் கைமாற்றி மாற்றிப் பின்னுவது. அந்த லேஸ் ஐரோப்பியப் பெண்களிடம் நல்ல விலைக்குப் போனது. அடிமையாக இருந்த பிள்ளைகள் சிலர் அந்தக் காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். துரைசானிகளின் உடை ஓரத்துக்குப் பூ வைத்த விரல்கள், தன் தோளில் ஒரு முழத் துணி போட அனுமதி இல்லாத பெண்களின் விரல்கள்.

அந்தத் துரைசானிகளின் ஊரில் என்ன நடந்தது? எங்கள் பெண்களைப் பார்த்து அரை நிர்வாணம் என்று மிஷன் கடிதங்கள் பதறின. அதே காலத்தில் லண்டனில் விக்டோரியா ராணியைச் சந்திக்க அரண்மனைக்குப் போகும் சீமாட்டிகள் தோளும் மேல்மார்பும் தெரியும்படி கழுத்து இறங்கிய உடைதான் போட வேண்டும். அது விதி. உடம்புக்கு முடியாதவர்கள் மூடிய உடை போட முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். அரசிக்கு முன் தோளைத் திறப்பது மரியாதை. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கும்.

கீழே போடும் துணியும் அங்கே புதுசுதான். 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பெண்களில் பெரும்பாலோர் அடுக்கடுக்கான பாவாடைகளுக்கு அடியில் நீளமான உள்சட்டை ஒன்றைத் தவிர எதுவும் போட்டதில்லை. கால்சட்டை மாதிரியான துணி ஆணுடையது, பெண் போட்டால் அடக்கமில்லாதவள். 19ஆம் நூற்றாண்டில் அது பெண்ணுக்கு வந்தபோதும் கால்கள் சேரும் இடத்தைத் தைக்காமல் திறந்தே விட்டார்கள். 1856-இல் எஃகு வளையக் கூண்டுப் பாவாடை வந்தது. காற்று அடித்தால் கூடாரம் போலத் தூக்கும். அப்புறம்தான் அடியில் ஒன்று போட்டே ஆக வேண்டிய அவசியம். ஆக, 1859-இல் ஆடை பற்றி எங்களுக்கு நாகரிகம் சொல்லிக்கொடுத்தவர்களின் சொந்த உள்ளாடைக்கு வயது அதிகம் இல்லை.

உள்ளாடை என்ற எண்ணமே வெளியிலிருந்துதான் வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிடவும் முடியாது. பழந்தமிழில் கச்சு உண்டு, வம்பு உண்டு, இரண்டும் மார்பில் கட்டுவது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பெருமாளின் இரு தேவியரைப் பாருங்கள்: ஸ்ரீதேவிக்கு மார்க்கச்சு இருக்கும், பூதேவிக்கு இருக்காது. யார் யார் என்று அடையாளம் காண அதுதான் குறி. கச்சு இல்லாததால் பூதேவிக்கு மானம் குறைந்ததாக எந்தச் சிற்பியும் நினைக்கவில்லை. மலையாள நாட்டில் நாயர் பெண்கள் முண்டுக்கு அடியில் ஒன்னரா என்ற நீள மெல்லிய துணியைக் கால்களுக்கிடையே கொண்டுபோய்த் தாறு பாய்ச்சிக் கட்டினார்கள். மேலே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அடியில் ஒன்னரா இல்லாமல் இருக்கக் கூடாது. வெட்கம் அவர்களுக்கும் இருந்தது, வேறு இடத்தில்.

சட்டைக்கு எதிர்ப்பு எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது என்றும் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநில முதல்வராக இருந்த சி. கேசவன் தன் வாழ்க்கை வரலாற்றில் மாமியார் சொன்ன அனுபவத்தை எழுதியிருக்கிறார். இளம்பெண்ணாக முதல்முறை ரவிக்கை போட்டு ஆசையாக நின்றபோது, அவருடைய அம்மாவே திட்டி அதைக் கழற்றச் சொன்னாராம். ஆட்டக்காரியாட்டம் எங்கே கிளம்பினாய் என்கிற தொனியில். எங்கள் வீட்டிலும் பாட்டிக்கு முதல் ஜம்பர் தைத்தபோது பூட்டி நாலு நாள் பேசவில்லை. பழைய நாட்களில் சட்டை போட்டவள்தான் கவனத்தை இழுப்பவள். மூடுவதே பகட்டாகத் தெரிந்தது. 1915-இல் புலையர் தலைவர் அய்யங்காளியின் சொல்கேட்டுக் கொல்லம் பக்கத்தில் புலையப் பெண்கள் தங்கள் சாதிக் குறியான கல்மாலைகளை அறுத்து எறிந்தபோதும், திமிர் என்றுதான் அடிக்க வந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டில் கோடு வேகமாக நகர்ந்தது. ரவிக்கை, உள்பாவாடை, ஆறு முழச் சேலை என்ற சேர்க்கை பள்ளிக்கூடம், ஆசிரியை வேலை, நர்ஸ் வேலை வழியாக எங்கள் வீடுகளுக்கு வந்தது. ரவிக்கை எல்லாரும் போடுவதாக ஆனதும், அதற்குள் ஒன்று வேண்டியதாயிற்று. அதுதான் பாடி. பாடிஸ் என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் தேய்ந்தது. பாடிஸ் என்பதே உடம்பு என்பதன் பன்மைதான், இரண்டு பாதியாகத் தைத்துச் சேர்த்ததால் ஒரு ஜோடி உடம்பு என்று பழைய ஆங்கிலத்தில் சொன்னார்கள். அங்கே 1889-இல் பாரிஸில் எர்மினி கடோல் இறுக்குக் கச்சையை மேல், கீழ் என்று இரண்டாக வெட்டினார். 1914 நவம்பரில் அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் இரண்டு கைக்குட்டையும் ரிப்பனும் வைத்துத் தைத்ததற்குக் காப்புரிமை வாங்கினார். 1930களில் ஏ, பி, சி, டி என்று அளவெழுத்து வந்தது. 1958-இல் ஸ்பாண்டெக்ஸ் இழை வந்த பிறகு நாடா, முடிச்சு, பொத்தான் எல்லாம் மெல்லப் போய், இழுத்தால் நீளும் வார் பரவலானது. பாட்டியின் பாடியில் நீளும் இழை ஒன்றுகூட இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டுதான் பொத்தான் போட்டிருப்பாள்.

நான் படித்த பள்ளியில் வெள்ளைச் சட்டைக்கு அடியில் சிம்மீஸ் போட்டிருக்கிறோமா என்று வரிசையில் நிறுத்தி முதுகைத் தடவிப் பார்ப்பார்கள். போடாதவள் வெளியே நிற்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒருநாள் நான் நின்றேன். துவைத்த சிம்மீஸ் மழையில் காயவில்லை, அதுதான் காரணம். டீச்சரிடம் சொல்ல வாய் வரவில்லை. பத்தாம் வகுப்பு வந்தபோது தாவணிக்குப் பதில் சுடிதார், அதன் ஷாலை இரண்டு தோளிலும் வி போல மடித்துப் பின் குத்த வேண்டும். ஒரு பின் விழுந்தாலும் ஒழுக்கம் விழுந்த மாதிரி. என் அப்பாவின் ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் எந்தத் துணியைப் போடக் கூடாது என்று அடி வாங்கினார்களோ, அந்தத் தோள்துணியைப் போடாவிட்டால் அடி என்று ஆகியிருந்தது.

நைட்டிக்காரிகளையும் பார்க்கிறேன். பால்காரர் மணி அடித்தால், மார்த்தாண்டமானாலும் தக்கலையானாலும், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் துவர்த்தை, அதாவது துண்டை, எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடை. அதன் மேல் ஒரு துவர்த்து. 1822-இல் இரணியல் சந்தைக்கு ஒரு பெண் குப்பாயத்தின் மேல் போட்டுப்போன துணியும் உடம்பை மூடத் தேவையானது இல்லை. ஆனால் அவள் அதைத் தன் உரிமையாகப் போட்டாள். இன்று இவர்கள் பார்க்கிறவன் கண்ணுக்காகப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே அளவுத் துணி.

2022 ஜூலையில், அதே பழைய திருவிதாங்கூர் மண்ணில், கொல்லம் மாவட்டம் ஆயூரில் நீட் தேர்வு எழுத வந்த மாணவிகளை, கொக்கி உலோகம் என்று சொல்லி உள்ளாடையைக் கழற்ற வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டு மூடிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தேர்வு எழுதினார்கள். வழக்குப் பதிவானது, கைதுகள் நடந்தன, அவர்களுக்கு மறுதேர்வும் வந்தது. இருநூறு வருஷத்துக்கு முன் அதிகாரி முன்னால் மேலே போட்ட துணியை எடு என்றார்கள். இப்போது உள்ளே போட்டதை எடு என்கிறார்கள். ஒரு கொக்கியின் பெயரால் பதினேழு வயதுப் பிள்ளையின் உடம்பின் மேல் யாரோ ஒருவருக்கு மறுபடி அதிகாரம் கிடைத்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் தூங்கவில்லை.

இந்த வெட்கத்துக்கு உடம்பும் விலை கொடுக்கிறது. எங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், காற்றில் எப்போதும் ஈரம். வெயில் படாமல், வேறொரு துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்ட உள்ளாடை உள்ளே ஈரமாகவே இருக்கும். மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வருவதற்கு அது போதும். எத்தனை பெண்கள் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு மருந்துக்கடைக் களிம்பை வருஷக்கணக்கில் தேய்க்கிறார்கள். துணியை வெயிலில் போட்டால் பாதி நோய் நிற்கும்.

பாட்டியின் பாடியை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். சிகைக்காய்த் தண்ணீரில் மெதுவாக அலசினேன், பெட்டிக் கறை கொஞ்சம் போனது, ஒட்டுத் தையல் அப்படியே நின்றது. மாடிக் கொடியில் விரித்துப் போட்டேன். பத்து மணி வெயிலில் மல் துணி வழியாக அடுத்த பக்கம் தெரிந்தது. அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தால் அதன் மேல் ஒரு துவர்த்து கிடந்தது. அம்மா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.